முன்னூறு ரூபாய்க்குள் ஒரு கேபிள்

இந்தக் கடைக்காரனும் அதையேதான் சொன்னான். புதுசா வந்த கேம் பெட்டிக்குன்னே போடுற எச்டிஎம்ஐ ரெண்டு புள்ளி ஒண்ணு கேபிள்னா தொள்ளாயிரம், சாதான்னா நூத்தம்பது, முன்னூறுக்கு ரெண்டு புள்ளி ஒண்ணு வேணும்னா அது கனவுலதான் கிடைக்கும்மா என்று சொல்லிவிட்டு, அடுத்து நின்றவனுக்கு மவுஸ் காட்டப் போய்விட்டான். நியாயமாகக் கோமளாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வேலை பார்க்கிற ஸ்கூல் ஆபீசில் அரைநாள் லீவு சொல்லி, மெட்ரோ பிடித்து அரசினர் தோட்டத்தில் இறங்கி, பைக்குகளுக்கு நடுவில் உடம்பைச் சுருக்கிக்கொண்டு இந்த ரிச்சி தெருவுக்குள் வந்து, மத்தியான வெயிலில் கடை கடையாக ஏறி இறங்குகிறவளுக்கு வராத கோபம் வேறு யாருக்கு வரும். ஆனால் வரவில்லை. படியிறங்கும்போது கால் லேசாகத்தான் இருந்தது. பரீட்சைக்குப் பயந்துகொண்டே போன இடத்தில், இன்றைக்கு இல்லை, இன்னொரு நாள் வா என்று அனுப்பிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. சே, இது என்ன புத்தி என்று தன்னையே ஒரு அதட்டு அதட்டினாள். வந்த வேலை கேபிள் வாங்குவது. கேபிள் இல்லாமல் அந்தப் பெட்டி டிவியோடு சேராது. சேராவிட்டால் வீட்டுக்காரர் விளையாட முடியாது. விளையாடாவிட்டால் அந்தக் கட்டைவிரல். அதற்கு மேல் போகவிடாமல் நினைப்பை அங்கேயே நிறுத்தி, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த கடையின் போர்டை அண்ணாந்து பார்த்தாள். போர்டில் இல்லாத சாமான் இல்லை. சிசிடிவி, ஸ்பீக்கர், லேப்டாப் ரிப்பேர், எல்லாவித கேபிள்கள். எல்லாவித என்று எழுதுகிறவன் ஒருத்தனிடமாவது முன்னூறு ரூபாய்க்கு இருக்கக் கூடாதா. இருக்கக் கூடாது என்றும் உள்ளே ஒன்று சொன்னது.

எல்லாம் இந்த முனிரத்தினம் பண்ணின வேலை. கொழுந்தன் என்று ஒருத்தன் ஷார்ஜாவில் இருந்தால், வருகிறபோது ஒரு சென்ட் பாட்டில், ஒரு டின் பால்பவுடர், ஒரு கம்பளி கொண்டுவந்தோமா, ஏதாவது ஒரு கல்யாணச் சாப்பாட்டைச் சாப்பிட்டோமா, ஊர் போய்ச் சேர்ந்தோமா என்று இருக்கலாம். இவன் அண்ணனுக்குக் கை வரணும் அண்ணி என்று, அங்கே கடைக்கு வந்த சூடு ஆறாத கேம் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தான். வளைகுடாவிலிருந்து வருகிற எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்தால் கஸ்டம்ஸில் கண்ணில் படும், புதுச் சாமானா, பில் எங்கே என்று நிறுத்திவைப்பார்கள். அதனால் பெட்டியைப் பிரித்து, மிஷினைப் பழைய லுங்கியில் சுற்றிக் கம்பளிக்கு நடுவில் திணித்து, கையில் பிடித்து அழுத்துகிற சாமானை ஷூவுக்குள் செருகி, கரண்ட் ஒயரைச் சுருட்டித் துணிக்குள் வைத்து, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஏர்போர்ட்டை விட்டு வெளியே வந்துவிட்டான். பெரிய கெட்டிக்காரன். அந்த அட்டைக்கு அடியில் இன்னொரு அட்டை இருந்ததாம். அதற்கு அடியில் கேபிள் இருந்ததாம். பெட்டியைக் கூடத்தில் வைத்து, டிவிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிவிட்டுத்தான் அவனுக்கே தெரிந்தது. ஷார்ஜா ரூமுக்குப் போன் போட்டால், அந்த அட்டைப்பெட்டியில் இப்போது வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறோம், கேபிள் என்று ஒன்றையும் காணோம் என்றார்களாம். இதைச் சொல்லி அவன் சிரித்தான். அவரும் சிரித்தார். அவள் மட்டும் அவர் மடியில் கிடந்த வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கிறபோது உடம்பு முழுக்கக் குலுங்கியது, கை மட்டும் யாரோ வைத்துவிட்டுப் போன பை மாதிரி கிடந்தது.

அது சாதாரணக் கையா. அவள் வாக்கப்பட்டு வந்த புதிதில் பழைய வண்ணாரப்பேட்டையில் அந்தத் தெரு முழுக்க அவளுக்குப் பேரே கேரம் தணிகா சம்சாரம் என்பதுதான். தணிகாசலம் பகலெல்லாம் கூரியர் ஆபீசில் பார்சல் பிரித்து அடுக்குவார், மேனேஜர் சத்தம் போட்டால் தலையைக் குனிந்துகொள்வார். சாயங்காலம் தெருமுனை கிளப்பில், போர்டுக்கு மேலே தொங்கும் பல்புக்குக் கீழே உட்கார்ந்துவிட்டால் அவர்தான் ராஜா. வீட்டுக்கு வரும்போது போரிக் பவுடர் வாசனையோடு வருவார், வேண்டுமென்றே அந்தக் கையால் அவள் கன்னத்தைத் தொடுவார், வெள்ளையாக அப்பிக்கொள்ளும், போய்யா அந்தாண்ட என்று அவள் தட்டிவிடுவாள். பிள்ளை இல்லாத வீட்டில் வேறு என்ன விளையாட்டு இருக்கிறது, இப்படித்தான் ஓடியது. அந்தப் போர்டு முன்னாலேயேதான் அது வந்தது. ஆட்டம் முடிகிற நேரம். ரெட் விழுந்துவிட்டது, பின்னாலேயே ஒரு காய் போட்டால் ஜெயித்தார். ஸ்ட்ரைக்கரை வைத்தார், விரலை மடக்கினார், சுண்டினார். விரல் வரவில்லை. திரும்ப மடக்கினார். வரவில்லை. எதிராளியைக் கடுப்பேற்றுகிறார் என்று நினைத்துச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஒரு பக்கமாக. அதைப் பார்த்து இன்னும் சத்தமாகச் சிரித்தார்களாம். யாரையும் குற்றம் சொல்ல முடியாது, விளையாட்டில் அப்படியெல்லாம் செய்கிற ஆள்தான் அவர். ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள், பேச்சு திரும்பினவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி, ஆட்டத்தை யார் முடித்தார்கள் என்பது. யாரும் முடிக்கவில்லை என்று அவள் சொன்னாள். அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. வீட்டிலிருந்த போர்டை மட்டும் பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கச் சொன்னார்.

கால் வந்துவிட்டது. கொஞ்சம் இழுத்தாலும் பால் வாங்கப் போகிறார், மாடிப்படி ஏறுகிறார். பேச்சு வந்துவிட்டது, சில எழுத்தில் மட்டும் நாக்கு வழுக்கும். கைதான். பிசியோதெரபி பொண்ணு ஜாஸ்மின் வருகிற போதெல்லாம் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வாள், அவள் போனதும் பந்து ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விடும், இடது கையால் எறிவதில் ஆள் தேறிவிட்டார். கடைசியில் அந்தப் பெண் கோமளாவைத் தனியாகக் கூப்பிட்டு, அங்கிளுக்குப் பிடிச்ச வேலையா ஏதாவது கொடுங்க ஆன்ட்டி, பந்துக்காக விரல் அசையாது, ஆசைப்பட்டால்தான் அசையும், முதல் வருஷத்தில் வருவதுதான் வேகமாக வரும், அப்புறம் ரொம்பப் பொறுமை வேண்டும் என்றாள். பொறுமை என்று அவள் அழுத்திச் சொன்ன விதம் கோமளாவுக்குப் புரிந்துவிட்டது. இதை முனிரத்தினத்திடம் போனில் சொல்லப்போய்த்தான் இந்தப் பெட்டி வந்தது. சின்ன வயதில் அண்ணனும் தம்பியும் கல்மண்டபத்தில் ஒரு வீடியோ கேம் கடையே கதி என்று கிடந்தார்களாம். ஒரு ஆள் ஆடத்தான் காசு இருக்கும். அதனால் கையில் பிடிக்கிறதை ஆளுக்குப் பாதி பிடித்துக்கொள்வார்கள். இடது பக்கம் தம்பி, பொம்மையை நடத்துவது அவன் வேலை. வலது பக்கம் அண்ணன், குழி வந்தால் குதிக்க வைப்பது அவர் வேலை. ஒரு தடவைகூட அண்ணன் என்னைக் குழியில போட்டதில்லை அண்ணி என்று முனிரத்தினம் கூடத்தில் உட்கார்ந்து சொன்னபோது அவன் கண் கலங்கியிருந்தது. தணிகாசலம் பேச்சை மாற்றி, மாத்திரை எங்கே என்று கேட்டார்.

அடுத்த கடையில் இருந்தவன் கொஞ்சம் இளகின மனசுக்காரன். அக்கா அக்கா என்று ஒரு ஸ்டூலைத் துடைத்து உட்காரச் சொல்லி, ரெண்டு புள்ளி ஒண்ணுதான் வேணுமா, சாதா போட்டாலும் படம் வரும்க்கா என்றான். இல்லை, வீட்டில் ரெண்டு புள்ளி ஒண்ணுதான் வாங்கச் சொன்னார்கள், அதுவும் முன்னூறுக்குள் என்றாள். யார் சொன்னது, அவர் கடை வைத்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டு, அட்டையில் எந்தக் கம்பெனிப் பேரும் இல்லாத ஒன்றை எடுத்து முன்னூற்றைம்பது என்றான். அவள் முன்னூறு என்றாள். அவன் கட்டாதுக்கா என்றான். அவள் எழுந்துவிட்டாள். அம்பது ரூபாய்க்கு இவ்வளவு வீம்பு அவளுக்கே புதுசு. தினமும் கீரைக்காரியிடம்கூடப் பேரம் பேசாதவள், தெருவில் இறங்கி விடுவிடுவென்று நடந்தாள், பின்னாலிருந்து அவன் கூப்பிட்டு விடுவானோ, சரிக்கா முன்னூறுக்கே எடுத்துக்கோ என்று சொல்லிவிடுவானோ என்று பயந்தவள் மாதிரி. மாதிரி என்ன மாதிரி. பயம்தான். கூப்பிடவில்லை. ஒரு ஜூஸ் கடை ஓரமாக நின்று மூச்சு வாங்கினாள். அவர் அப்படி என்ன கஞ்சனா என்ற கேள்வி அப்போதுதான் முதல் தடவையாக வந்தது. செருப்பிலிருந்து சைக்கிள்வரை கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருகிற மனுஷன். கேரம் போர்டுக்குப் பத்துக் கடை ஏறி இறங்கினாலும் கடைசியில் எது அதிக விலையோ அதையே தூக்கிக்கொண்டு வந்தவர். இந்தக் கேபிளுக்கு மட்டும், ரெண்டு புள்ளி ஒண்ணாக இருக்கணும், முன்னூறைத் தாண்டக் கூடாது என்று காலையில் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். உடம்பு சரியில்லாத ஆள், ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துப் பார்த்துப் பயந்திருப்பார் என்று விட்டுவிட்டாள். விட்டுவிட்டாலும் ஒரு மூலையில் அது கிடந்து உறுத்தியது.

நினைத்ததும் போன் அடித்தது, அவர்தான். கிடைச்சுதா என்றார். இன்னும் இல்லை என்றாள். கெடைக்கலன்னா வுட்டுடு கோமு, வெயில்ல அலையாத, வந்துடு என்றார். குரலில் வருத்தம் இல்லை. அவளுக்காக இரக்கப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டாள், நெஞ்சு இளகியது, இன்னும் ஒரு கடை பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். எதுக்கு என்றார். எதுக்கா என்று கேட்க வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டார். அவள் போனைப் பைக்குள் போட்டுவிட்டு நின்றாள். எதுக்கு. அவள் ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை. பந்து அமுங்காவிட்டால் பரவாயில்லை, அது வெறும் பந்து. ஆனால் அந்தப் பெட்டியை மாட்டிவிட்டால் டிவியில், அவ்வளவு பெரிய டிவியில், ஒரு பொம்மை நடந்துபோய்க் குழி முன்னால் நிற்கும். அவர் கட்டைவிரலை அழுத்தச் சொல்லிக்கொண்டிருப்பார், மனசுக்குள், பல்லைக் கடித்துக்கொண்டு. விரல் வராது. பொம்மை குதிக்காது. குழியில் விழும். திரும்ப எழுந்து வரும், திரும்ப விழும். இந்தத் தடவை சிரிக்க ஆள் இருக்காது, அவள் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், அவர் அவளைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு என்ன பதில் சொல்வது. அதற்கப்புறம் ஆசைப்பட்டால் அசையும் என்று ஜாஸ்மின் சொன்னதும் பொய்யாகிவிடும், அப்புறம் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது. கேபிள் கிடைக்காதவரைக்கும் கை வரும். கேபிள் கிடைக்கவில்லை, அதனால்தான் இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டு தீபாவளிவரைக்கும்கூட ஓட்டலாம். அட பாவி, இதற்குத்தானா அம்பது ரூபாய்க்கு அப்படி எழுந்து வந்தாய் என்று ஜூஸ் கடைக் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். முகம் வேர்த்து வழிந்துகொண்டிருந்தது.

இன்னும் ஒரு கடை என்று சொல்லிவிட்டதால் ஒரு கடை. சந்துக்குள் இருந்த ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்தாள். குல்லா வைத்த பெரியவர் ஒருத்தர் கல்லாவில், அவரை எல்லோரும் பாய் என்றார்கள். சுவரில் ஒரு டிவி, அதில் மேட்ச் ஓடியது, வாங்க வந்தவர்கள் பாதிப்பேர் வாங்குவதை மறந்துவிட்டு அண்ணாந்து நின்றார்கள். கோமளா மனப்பாடமாக ஒப்பித்தாள். ரெண்டு புள்ளி ஒண்ணு, முன்னூறுக்குள், புதுப் பெட்டிக்கு. இல்லை என்று சொல்லிவிட்டால் நேராக மெட்ரோ, நேராக வீடு. பாய் தாடியைத் தடவினார். குனிந்து ஒரு அட்டை டப்பாவைக் கிளறினார். ஒரு பாக்கெட்டை எடுத்து ஊதித் தூசி தட்டி மேலே வைத்தார். "பழைய ஸ்டாக்கும்மா, கவர்தான் நசுங்கியிருக்கு, சரக்கு நல்ல சரக்கு. நீ கேட்ட விலைக்கே எடுத்துக்கோ." ஊரில் இல்லாத அதிசயமாக இந்த மனுஷர் ஏன் இப்படி நல்லவராக இருக்க வேண்டும். கையைப் பைக்குள் விட்டவள் பர்ஸைத் தொட்டுவிட்டு வெளியே எடுத்துக்கொண்டாள். வீட்டில் கொண்டுபோய் மாட்டிப் படம் வரவில்லை என்றால் என்ன செய்வது, அவ்வளவு தூரத்திலிருந்து திரும்பி வர முடியாதே என்றாள். சொல்லும்போதே தனக்கு இப்படி ஒரு சாமர்த்தியம் எங்கிருந்து வந்தது என்று ஆச்சரியமாக இருந்தது. பாய் கோபித்துக்கொள்ளவில்லை. மாட்டியே காட்டுகிறேன், கண்ணால் பார்த்துவிட்டு வாங்கிக்கொள் என்றார். அதே புதுப் பெட்டி ஒன்று அவர் கடையிலும் விற்பனைக்கு இருந்தது. அதை எடுத்து டிவிக்குக் கீழே வைத்தார். பாக்கெட்டை உடனே பிரித்துவிட்டால் அப்புறம் யாரும் வாங்க மாட்டார்கள், முதலில் மிஷினும் டிவியும் ஒத்துப்போகிறதா பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டே, டிவிக்குக் கீழே இருந்த செட்டாப் பாக்ஸின் பின்னாலிருந்து ஒயரைப் பிடுங்கினார். மேட்ச் போய்விட்டது. பாய் பாய் என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவர் காதில் வாங்காமல், பிடுங்கின அதே ஒயரை, இன்சுலேஷன் டேப் சுற்றிய பழைய கறுப்பு ஒயரை, புதுப் பெட்டியின் முதுகில் செருகினார்.

படம் வந்தது. அவள் வீட்டு டிவியில் எது வந்தாலும் வருகிற மாதிரி பளிச்சென்று வந்தது. மலை, மேகம், ஓரமாக ஒரு பொம்மை நின்று காலைத் தட்டிக்கொண்டிருந்தது. பாய் கையில் பிடிக்கிறதை அவளிடம் நீட்டினார். வேண்டாம், எனக்குத் தெரியாது என்பதற்குள் கைக்குள் வந்துவிட்டது. இடது கட்டைவிரலுக்கு ஒரு குமிழ், தள்ளினால் நடக்கும். வலது கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான், அழுத்தினால் குதிக்கும். தள்ளினாள், நடந்தது. குழி வந்தது. அழுத்தினாள், முந்திவிட்டது, பொம்மை குழிக்குள் போனது. மேட்ச் போன கடுப்பில் இருந்தவன் ஒருத்தன் சிரித்தான். பாய் பாக்கெட்டைப் பிரிக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். கோமளா டிவியைப் பார்க்கவில்லை. அந்தப் பழைய ஒயரின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் ஒரு தட்டை மூக்கு. அந்த மூக்கை அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை டிவி ஸ்டாண்டைத் துடைக்கும்போது துணியில் மாட்டுகிற மூக்கு. அவள் வீட்டு செட்டாப் பாக்ஸின் பின்னால் இதே ஒயர் மாட்டியிருக்கிறது. அப்படியென்றால் இவ்வளவு நாளும் வீட்டிலேயே கேபிள் இருந்திருக்கிறது. போயும் போயும் இதற்கா இந்த வெயிலில் என்று முதலில் தன் மேல்தான் எரிச்சல் வந்தது. முனிரத்தினம் துழாவினானே, அவனுக்கு எப்படித் தோன்றாமல் போனது. அவன் செட்டாப் பாக்ஸ் பக்கம் போகவே இல்லை. போகப்போனவனை, அதுல கை வைக்காத, படம் போயிடும் என்று ஒருத்தர் தடுத்தார். தடுத்தது அவர். செட்டாப் பாக்ஸ் வந்த அன்றைக்கு, மாட்டவந்த ஆளுக்கு எதுக்குத் தனியாகக் காசு என்று தானே உட்கார்ந்து மாட்டினதும் அவர்தான். அதே வலது கையால், கண்ணால் பார்க்காமலே, டிவிக்குப் பின்னால் கையை விட்டு அந்த மூக்கைச் செருகிவிட்டு, பாத்தியா என்று அவளைப் பார்த்துக் கண்ணடித்தவர். அவருக்குத் தெரியாமல் இருக்காது. ரெண்டு புள்ளி ஒண்ணு, முன்னூறுக்குள். கிடைக்காததாகப் பார்த்துக் கேட்டிருக்கிறார். வெயில்ல அலையாத, வந்துடு. எதுக்கு.

கோபம் இப்போதுதான் வந்தது, மத்தியானத்திலிருந்து வர வேண்டிய மொத்தக் கோபமும். என்னை நாய் மாதிரி அலையவிட்டாயே பாவி மனுஷா என்று வீட்டுக்குப் போய்க் கூடத்தில் நின்று கத்த வேண்டும், அந்தப் பெட்டியைத் தூக்கிப் பக்கத்து வீட்டு மாடிக்கு எறிய வேண்டும், பந்து போன இடத்துக்கு. இப்படி எண்ணிக்கொண்டிருக்கும்போதே கோபத்துக்குக் கீழே வேறொன்று கிடப்பது தெரிந்தது. கூடத்தில் நாற்காலியில் தனியாக உட்கார்ந்து, அவளுக்குக் கேபிள் கிடைத்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு, பயந்து போன் போட்டு, கிடைக்கவில்லை என்றதும் மூச்சு விட்டு. அவள் அம்பது ரூபாய்க்கு எழுந்து ஓடியபோது அவரும் அங்கே அதையேதான் செய்துகொண்டிருந்திருக்கிறார். ஒரே வீட்டில் ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் ஒரே பயத்தை வளர்த்திருக்கிறார்கள், அதற்கு அவர் வைத்த பேர் ரெண்டு புள்ளி ஒண்ணு, இவள் வைத்த பேர் அம்பது ரூபாய். கண்ணில் தண்ணீர் முட்டியது. பாய் பயந்துபோய், மேட்சைப் போட்டுவிடவா, உனக்கு வேண்டாம் என்றால் பரவாயில்லை என்றார். வேணும் பாய் என்று சொல்லி, பர்ஸை எடுத்துப் பேரம் பேசாமல் கொடுத்தாள். பாக்கெட்டைப் பிரிக்க வேண்டாம் என்றாள். வாசல் படியில் வந்து நின்று போன் போட்டாள்.

கெடைக்கலியா என்றார், எடுத்தவுடனே. கெடைச்சிருச்சு, முன்னூறுக்கே என்றாள். போனுக்குள் பக்கத்து வீட்டு மிக்சி ஓடுவது கேட்டது. அப்புறம், டூப்ளிகேட்டா இருக்கும், திருப்பிக் குடுத்துடு என்றார். கோமளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏங்க, செட்டாப் பாக்ஸ்ல மாட்டியிருக்கே, அந்த ஒயரே இதுக்குப் போதும்ங்க. இப்பத்தான் பாத்தேன்." மிக்சி நின்றது. அவர் மூச்சு விடுவது கேட்டது. "தெரியும்," என்றார். சந்துக்குள் ஒரு தள்ளுவண்டி வழி கேட்டது, ஒதுங்கிக் கொடுத்தாள். அவர் குரல் ரொம்பச் சின்னதாகத் திரும்பி வந்தது. "மாட்னா பாத்துடுவோம். பாத்துட்டு, வரலன்னா?" மத்தியானத்திலிருந்து அவளும் இதையே கேட்டுக்கொண்டு இத்தனை படி ஏறி இறங்கியும் பதில் கிடைக்கவில்லை. வரும்ங்க என்று சொல்லலாம், எல்லோரும் சொல்கிறார்கள், ஜாஸ்மின் சொல்கிறாள், முனிரத்தினம் சொல்கிறான், அவளே தினமும் சொல்கிறாள். அந்த வார்த்தையை எடுக்க இன்றைக்கு அவளுக்கு மனசு வரவில்லை. எனக்கும் அதே பயம்தாங்க, நானும் வேணும்னே ஒரு கடையை விட்டுட்டு வந்தேன் என்றாள். சொன்னதும் ஏதோ இறங்கினது போல இருந்தது. உள்ளே பாய் ஒயரைத் திரும்பச் செட்டாப் பாக்ஸில் செருகிவிட்டார் போல, கடைக்குள்ளிருந்து ஹோ என்று சத்தம் வந்தது. அவள் கையில் இன்னும் அந்தப் பொத்தானின் அழுத்தம் இருந்தது, வலது கட்டைவிரலில். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்க தம்பி மாதிரி ஆளுக்குப் பாதி பிடிச்சுக்கலாம். நீங்க நடங்க. உங்க விரல் வர்றவரைக்கும் குதிக்கறத நான் பாத்துக்கறேன்."

தணிகாசலம் அழுகிறாரோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது, இழுத்து இழுத்து நடக்கிற கால் டிவி பக்கமாகப் போவது கேட்டது.

"நீ என்னைக் குழியிலதான் தள்ளுவ," என்றார். "சரி, சீக்கிரம் வா."